தட்டில் இல்லாத முள்

பிரிஜெட்டுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் வந்ததுதான். பால் கொஞ்சம் நீர்த்திருந்தால் பாக்கெட்டில் யாரோ ஊசி போட்டு எடுத்திருக்கிறார்கள். கோயில் பிரசங்கத்தில் ஃபாதர் "பிறரைத் தீர்ப்பிடாதீர்கள்" என்றால், அது மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தன்னைக் குறிவைத்துச் சொன்னது. அப்படிப்பட்டவள் வீட்டுத் தோட்டத்தில், அதிலும் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே பிள்ளையைப் போல வளர்க்கும் டேலியா பாத்தியில், ஊர்ப் பூனைகள் வந்து குழி தோண்டினால் சும்மா விடுவாளா?

ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக விழுந்து அபார்ட்மென்ட்களாக எழுந்துகொண்டிருந்தன. பிரிஜெட்டும் அவள் கணவர் சில்வெஸ்டரும் மட்டும் மாமனார் கட்டிய வீட்டையும் அதைச் சுற்றியிருக்கும் துண்டுத் தோட்டத்தையும் விடாப்பிடியாக வைத்திருந்தார்கள். ஒரே மகன் நீல் ஆஸ்திரேலியாவில். பக்கத்து பங்களா இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். அதன் தரைத்தளத்தில், பிரிஜெட்டின் காம்பவுண்டு சுவரை ஒட்டினாற்போல, கும்பகோணத்திலிருந்து வந்த கோதண்டராமனும் அவர் மனைவி ராதாவும் குடியிருந்தார்கள். அவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. காலையில் கம்பெனி வண்டி அள்ளிக்கொண்டு போனால் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து இறக்கும். ராதாவுக்குப் பேச்சுத்துணை பூனைகள்தான். பின்பக்கத்தில் ஒரு தட்டு நிறைய பூனைத்தீனி, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைப்பாள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஒளிவுமறைவு இல்லாத இடத்தில்தான் பிரிஜெட்டுக்கு அதிகமாகச் சந்தேகம் வரும்.

"அவ வாசல்ல தட்டு வெச்சா பூனை அவ வாசல்ல கெடக்கணும். என் பாத்தியில அதுங்களுக்கு இன்னா வேலை? சொவுத்துக்கு மேல இந்தப் பக்கம் எதையோ வீசுறா. வேணும்னே வீசுறா. அவ வாசல் நாறக் கூடாது, நம்ம பாத்தி நாறணும்."

"பூனைதான, வந்துட்டுப் போவட்டும் விடு," என்றார் சில்வெஸ்டர்.

ஒரு காலத்தில் கோயில் பாடகர் குழுவில் அவர் அடித்தொண்டையில் எடுத்தால் பெஞ்சு அதிரும். இப்போது அந்தக் குரல் பாதி காற்றாக வந்தது. ஈஸ்டருக்குப் பிறகு பாடப் போவதையே நிறுத்திவிட்டார். கேட்டால் சளி என்பார்.

உண்மையைச் சொன்னால், பிரிஜெட்டின் வயிற்றில் நெருப்பைக் கட்டியிருந்தது பூனை இல்லை, அவர்தான். ஆள் இளைத்துக்கொண்டே போனார். பெல்ட்டில் ஆணியைச் சுட்டு புதுசாக ஓட்டை போட்டாள், கொஞ்ச நாளில் அதுவும் போதவில்லை. கோயிலுக்குப் போகும்போது காலர் பட்டனைப் போட்டுவிட்டால் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே அவள் கையே நுழைந்தது. இத்தனை வருஷம் கூட இருந்த மனுஷன் கண்ணெதிரே கரைவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு டாக்டர் மமதாவிடம் போனாள்.

மமதா கன்னடக்காரர். கேள்வியைக் கன்னடத்தில் கேட்பார், பதிலை எந்த மொழியில் சொன்னாலும் வாங்கிக்கொள்வார். எடை பார்த்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "ஊட்டா மாடுத்தாரா?" என்றார். சாப்பிடுகிறாரா என்று கேள்வி.

சாப்பிடுகிறவர் சில்வெஸ்டர், பதில் சொன்னது பிரிஜெட். அந்தக் குடும்பத்தில் அதுதான் வழக்கம்.

"சென்னாகி மாடுத்தாரே டாக்டர்! நல்லா சாப்புடுறாரு, தட்டைத் தொடச்சி வெச்சிடுவாரு. கழுவவே வேணாம், அப்டியே அலமாரியில வெக்கலாம்."

சில்வெஸ்டர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டைத் துடைத்துச் சாப்பிடுகிறவர் இளைத்தால் டாக்டர்தான் என்ன நினைப்பார்? சர்க்கரை பார்த்தார். தைராய்டு பார்த்தார். நெஞ்சுப் படம் எடுக்கச் சொன்னார். எல்லாம் சரியாகவே இருந்தன. "இன்னும் கொஞ்சம் புரோட்டீன் சேரட்டும். மீன் கொடுங்க, முட்டை கொடுங்க. அப்புறம் பார்ப்போம்," என்று அனுப்பிவிட்டார்.

மீன் என்றதும் பிரிஜெட்டுக்குத் தெம்பு வந்தது. சில்வெஸ்டருக்கு மீன் என்றால் உயிர். கல்யாணமான புதிதில் அவர் சங்கரா மீன் சாப்பிடுவதை அவள் தன் சோற்றை மறந்து வேடிக்கை பார்த்திருக்கிறாள். அவசரமே இருக்காது. சதையை நோகாமல் பிரித்து, ஒவ்வொரு முள்ளாக உருவி, தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைப்பார். "இன்னாங்க, சீப்பு செய்யுறீங்களா?" என்று அவள் கேலி செய்வாள். அந்த முள் வரிசையைப் பார்த்தே அன்றைக்குக் குழம்பு எப்படி என்று சொல்லிவிடலாம். வரிசை நீளமாக இருந்தால் குழம்பு நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

அன்றிலிருந்து நித்தம் ரசல் மார்க்கெட் மீன்தான். காரம் வேண்டாம் என்று மிளகாயை நிறுத்திவிட்டு மிளகும் மஞ்சளும் மட்டும் தடவி வறுத்தாள். சில்வெஸ்டர் ஒன்று கேட்டுக்கொண்டார். சாப்பாட்டு மேசை வேண்டாம், ஜன்னல் பக்கத்து ஸ்டூலில் தட்டை வைத்துவிட்டுப் போ என்றார்.

"நீ பக்கத்துல நின்னுகினு பாத்தா எறங்க மாட்டேங்குது, பிரிஜெட்."

சரி, நோயாளி மனசு, இறங்குகிற இடத்தில் இறங்கட்டும் என்று அவளும் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தால் தட்டு பளிச்சென்று இருக்கும். ஒரு பருக்கை, ஒரு முள் மிச்சம் இருக்காது. மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். நீலுக்கும் போனில் பெருமையாகச் சொன்னாள்.

ஆனால் ஆள் தேறவில்லை. பூனைகள்தான் தேறின.

முன்பெல்லாம் ஒன்று இரண்டு வந்துகொண்டிருந்தவை இப்போது படையாக வந்தன. அரை வால் பெட்டை, அதன் குட்டிகள், காது கிழிந்த ஒரு பழுப்புக் கடுவன். மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குக் கோயில் மணி அடித்தது போல டேலியா பாத்தியில் ஆஜராகிவிடும். கடுவனின் வயிறு தரையைத் தொட்டது. தின்ற பிறகு அங்கேயே பள்ளம் பறித்து வேலையை முடித்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, டேலியா நிழலில் கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். செப்டம்பரில் மாதா திருவிழாவுக்குப் பீடத்தில் வைக்க வளர்த்த செடிகள் வேர் ஆடிப்போய் சாய்ந்தன.

பிரிஜெட் தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினாள். ஆரஞ்சுத் தோல் போட்டாள். காபிச் சக்கையைத் தூவினாள். தெருவில் எல்லா வீட்டு கேட்டிலும் நாய்க்குத் தொங்கவிடுகிற மாதிரி சொட்டு நீலம் கலந்த தண்ணீரை பாட்டில்களில் நிரப்பிப் பாத்தியைச் சுற்றி நட்டாள். கடுவன் பாட்டிலில் முதுகைத் தேய்த்துக்கொண்டது. மிளகாய்த்தூள் தூவினாள். காற்று அடித்து அது அடுப்படிக்குள் வந்து அவளே தும்மித் தீர்த்தாள்.

ஒருநாள் களைக்கொத்தியால் கிளறும்போது மண்ணில் மீன் முள் தட்டுப்பட்டது. ஒன்றிரண்டு இல்லை, ஒரு கைப்பிடி.

அவள் மூளை உடனே கணக்குப் போட்டது. பூனைத்தீனி போதாதென்று இவள் மீன் வேறு வாங்கிப் போடுகிறாள். வெளியே பார்த்தால் வெங்காயம் கூடச் சேர்க்காத குடும்பம், உள்ளே பூனைக்கு மீன் வருகிறது. தன் வாசலில் கவிச்சி ஆகாது, அதனால் சுவர் தாண்டி வீச்சு. இதைவிடத் தெளிவாக ஒரு குற்றத்துக்குச் சாட்சி வேண்டுமா? சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தினாள்.

"ஏம்மா ராதா! பூனை மேல அவ்ளோ ஆசைன்னா உன் ஹால்ல வெச்சி சோறு ஊட்டு! என் தோட்டத்துல ஏன் கொட்டுற?"

ராதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முகம் சிவந்துபோனது. "நான் இந்தப் பக்கம்தான் வைக்கறேன் ஆன்ட்டி. அங்க எதுவும் போடறதில்லை."

"அப்போ யாரு போடுறா? மாதா வந்து போடுறாங்களா?"

ராதா பதில் சொல்ல வாயெடுத்தாள். அவள் கண் பிரிஜெட்டைத் தாண்டி, பின்னால் இருந்த ஜன்னலுக்கு ஒரு நொடி போய் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். பதில் இல்லாதவள்தான் வாயை மூடுவாள் என்று பிரிஜெட் முடிவு கட்டினாள். அன்று சாயங்காலம் கோதண்டராமன் கேட்டில் நின்று, தெருப் பூனைக்குச் சோறு போடுவது சட்டப்படி தப்பில்லை என்று மரியாதையாகவே சொன்னார். சட்டம் பேசுகிறவர்கள் மடியில் கனம் இருக்கும் என்பது பிரிஜெட்டின் கட்சி.

ஒரு வாரம் கழித்து கேட்டருகே பார்த்தபோது ராதா தயங்கித் தயங்கி, "அங்கிள் ரொம்ப மெலிஞ்சுட்டார் ஆன்ட்டி. நன்னா பார்த்துக்கோங்கோ," என்றாள்.

பிரிஜெட்டுக்குச் சுரீரென்றது. அதைச் சொல்ல இவள் யார்? நன்றாகச் சாப்பிடுகிற மனுஷன் இளைக்கிறாரே, காரணம் தெரியவில்லையே என்று டாக்டரே முழிக்கிறார். இதோ காரணம், கண் முன்னால் புடவை கட்டிக்கொண்டு நிற்கிறது. கண்ணு வைத்திருக்கிறாள்! முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய், கோயிலில் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைச் சில்வெஸ்டர் தலையில் தெளித்தாள். அவர் தலையைத் துடைத்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. மாதா சபைக் கூட்டத்துக்குப் போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். தோட்டத்தில் சில்வெஸ்டர் சுவரில் சாய்ந்து நிற்கிறார். அந்தப் பக்கம் ராதா. இரண்டு பேரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேட் கிரீச்சிட்டதும் ராதா சட்டென்று உள்ளே போய்விட்டாள்.

"இன்னா பேசிகினு இருந்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. பூனையப் பத்தி."

"பூனையப் பத்தி ரகசியம் இன்னா?"

"ரகசியம் எல்லாம் ஒண்ணும் இல்ல, பிரிஜெட்."

அன்று முழுக்க அவளுக்கு மனசு ஆறவில்லை. அவரை அவள் சந்தேகப்படவில்லை. அந்த மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது, அது அவளுக்கு நிச்சயம். ராதாதான் அவர் இளகிய மனசைப் பிடித்துக்கொண்டாள். பாத்தி தோண்டுவது போதாதென்று வீட்டுக்குள்ளேயே தோண்ட ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் காலையில் ரோஜாச் செடிகளை ஒட்ட வெட்டினாள். முள் முள்ளாக இருந்த கிளைகளையெல்லாம் பாத்தியில், செடி இடுக்கில், ஜன்னலுக்குக் கீழே நெருக்கமாகப் பரப்பினாள். விரலெல்லாம் கீறி ரத்தம் வந்தது. வரட்டும், இப்போது எந்தப் பூனை வருகிறதென்று பார்க்கலாம்.

அரை வாலும் குட்டிகளும் ஓரமாக வழி கண்டுபிடித்து வந்தன. கடுவனை மட்டும் காணவில்லை. அடுத்த நாளும் காணவில்லை. பிரிஜெட்டுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் என்னவோ போலிருந்தது. பூனைப் பாவம் பொல்லாதது என்பார்கள். முள் ஏதாவது ஏடாகூடமாகக் குத்தியிருக்குமோ? பாத்தி ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். எதுவும் இல்லை.

அப்போதுதான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ராதா ஒரு பிளாஸ்டிக் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள். கூடைக்குள் கடுவன், கண் சொருகிக் கிடந்தது.

பிரிஜெட் கேட்டுக்கு ஓடினாள். "இன்னா ஆச்சி அதுக்கு?"

"முள்ளு, ஆன்ட்டி." ராதாவின் குரல் களைத்திருந்தது. "முள்ளு குத்திடுத்து."

அவ்வளவுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்த வேகத்தில் பிரிஜெட் பாய்ந்தாள். "ஆமா, போட்டேன்! என் பாத்தி, என் முள்ளு! கேக்காம உள்ள வந்தா குத்தத்தான் குத்தும். கேஸ் போடணும்னா போட்டுக்கோ. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் சட்டம் எல்லாம் தெரியுமே!"

ராதா விழித்தாள். "நீங்க எதுக்கு ஆன்ட்டி... கால்ல இல்லை, தொண்டையில. தொண்டையில முள்ளு மாட்டிண்டு ரெண்டு நாளா ஒண்ணுமே முழுங்கலை. கிட்ட போய் முகர்ந்து பார்க்கறது, வாய வைக்கறது, திரும்பிப் போயிடறது. எச்சில் ஒழுகிண்டே இருந்தது. ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து எடுத்தா."

"தொண்டையிலயா? என் ரோஜா முள்ளு அதோட தொண்டைக்கு எப்டி போவும்? உன் பூனை ரோஜாச் செடி தின்னுதா?"

"ரோஜா முள்ளா? மீன் முள்ளு, ஆன்ட்டி!"

பிரிஜெட்டுக்கு மூச்சு வந்தது. மூச்சோடு கோபமும் சேர்ந்து வந்தது. "ஆங்! வந்தியா வழிக்கு? மீன் வாங்கிப் போட்டது யாரு? நீ போட்ட மீனு, உன் பூனை தொண்டையில முள்ளு. இதுக்கும் பிரிஜெட்தான் காரணமா?"

"எங்காத்துல மீனா?"

ராதா வெளியாட்களிடம் எப்போதும் வீடு என்றுதான் சொல்வாள். அதிர்ச்சியில் ஆத்து மொழி வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லில் பொய் இல்லை என்று பிரிஜெட்டுக்கே தெரிந்துவிட்டது. மாதாவே, இவள் பொய் சொல்லவில்லை. அப்படியானால்?

"அப்போ யாரு?" என்றாள். குரல் இறங்கிவிட்டது.

ராதா கூடையைக் கீழே வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள். "அங்கிள் சொல்ல வேண்டாம்னு கேட்டுண்டார். அவர்தான் ஆன்ட்டி. தினமும். ஜன்னல் வழியா, தட்டோட சாய்ச்சுடுவார்."

"இன்னாம்மா சொல்ற?"

"மீன் பிடிக்கலைம்மா, விட்டுடப் போறேன், அவகிட்ட சொன்னா மனசு ஒடஞ்சிடுவான்னார். எனக்கு அதுல தப்பாத் தெரியலை. ஒருத்தர் மீனை விடறார்னா நல்லதுதானேன்னு நெனைச்சேன். நாங்க சாப்பிடறதில்லையோன்னோ, அது வேண்டாம்னு போறது எனக்கு அதிசயமா இல்லை. அப்புறம் சோத்தையும் சேர்த்துப் போடறதைப் பார்த்ததும்தான் பயமா இருந்தது. அன்னிக்குச் சுவர்கிட்ட வந்து, ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்கோன்னு சொன்னேன். உங்ககிட்டயும் மெலிஞ்சுட்டார்னு சொல்லிப் பார்த்தேன். நீங்க மூஞ்சியைத் திருப்பிண்டு போயிட்டேள்."

பிரிஜெட் பாத்திக்குப் போனாள். தான் பரப்பிய கிளைகளை வெறும் கையால் ஒதுக்கினாள். குத்தியது அவளுக்கு உறைக்கவில்லை. டேலியா இலைகளுக்கு அடியில், ஜன்னலுக்கு நேர் கீழே, அன்றைய சங்கரா துண்டு கிடந்தது. ஓரமாக வந்துபோகும் பூனைகள் அன்று முள்ளுக்குள் அவ்வளவு தூரம் நுழையவில்லை. மிளகும் மஞ்சளும் தடவி, ஓரம் சிவக்க வறுத்தது. ஒரு விரல் கூடப் படாத துண்டு. அவள் கை வறுவல். உலகத்தில் யார் வைத்திருந்தாலும் அவளுக்கு அடையாளம் தெரியும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தட்டில் முள் இல்லை. இத்தனை நாளாக, ஒருநாள் கூட, தட்டின் விளிம்பில் ஒரு முள் இல்லை. சங்கரா சாப்பிட்டவர் தட்டு பளிச்சென்று இருக்குமா? மீன் தின்கிற வீட்டில் பிறந்து, மீன் தின்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு, மாமனார் காலத்திலிருந்து முள் பொறுக்கிக் கொட்டியவள், முள் இல்லாத தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். அவளுக்குத் தன்னையே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

மீன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டே உள்ளே போனாள். சில்வெஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் திறந்துதான் இருந்தது, எல்லாம் கேட்டிருக்கும். காலித் தட்டு ஸ்டூலில் இருந்தது. அவள் மீன் துண்டை அந்தத் தட்டில் வைத்தாள்.

"எப்பலேந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாடியே லேசா இருந்துச்சி. மொதல்ல சப்பாத்தி எறங்கல. அப்பறம் மீனு. அப்பறம் சோறு. டீ எறங்குது. கஞ்சித் தண்ணி எறங்குது. மத்தது எல்லாம் இங்க வந்து நின்னுக்குது." நெஞ்சுக்குழிக்கு மேலே ஒரு விரலை வைத்துக் காட்டினார்.

"ஏன் சொல்லல?"

அவர் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். "அப்பாவுக்கும் இப்டித்தான ஆரம்பிச்சிது, பிரிஜெட். நீதான கஞ்சி வடிச்சிக் குடுத்த. ஒனக்குத் தெரியாததா? இன்னான்னு தெரிஞ்சிக்கவே பயமா இருந்துச்சி. நீ வேற டாக்டர்கிட்ட அவ்ளோ சந்தோஷமா சொல்லிட்ட. இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

பிரிஜெட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமனாரின் கடைசி மாதங்கள், கரண்டி கரண்டியாக ஊட்டிய கஞ்சி, அதுவும் திரும்பி வந்தது, எல்லாம் அவள் கண் முன்னால் நின்றன. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது, எது எதென்று அவளுக்கே தெரியவில்லை.

"பால்காரன சந்தேகப்பட்டேன். ஃபாதர சந்தேகப்பட்டேன். பாவம், அந்தப் பொண்ண கண்ணு வெச்சிட்டான்னு வாய்க்கு வந்தபடி நெனச்சேன். ஊர்ல ஒருத்தர விடல. ஒங்கள மட்டும் சந்தேகப்படலியே நான்! ஏங்க, ஒங்கள மட்டும் படலியே!"

அவர் அவள் தலையில் கை வைத்தார். கை காகிதம் போல இருந்தது. "படமாட்டேன்னு தெரிஞ்சிதான் செஞ்சேன்," என்றார்.

மறுநாள் காலை ராதாதான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தாள். பிரிஜெட் மன்னிப்பு என்று எதுவும் வாய்விட்டுக் கேட்கவில்லை, அது அவளுக்கு வராது. ஆட்டோவில் ஏறும்போது, "கடுவன் ஏதாச்சும் சாப்டுச்சா?" என்றாள். "தயிர்சாதம் நக்கித்து ஆன்ட்டி," என்றாள் ராதா. கிளினிக் வந்ததும் ராதா வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மமதா டாக்டர் எடை பார்த்தார். முகம் சுருங்கியது. பழைய சீட்டைப் புரட்டினார். போன தடவை எழுதியது எல்லாம் அதில் இருந்திருக்கும். வழக்கம்போலக் கேள்வியை நடுவில் வைத்துவிட்டு, வழக்கம்போல பிரிஜெட்டைப் பார்த்தார்.

"ஊட்டா மாடுத்தாரா?"

பிரிஜெட்டுக்குக் கன்னடம் வரவில்லை. தமிழும் தொண்டையில் மாட்டிக்கொண்டுதான் வந்தது.

"இல்ல டாக்டர். பூனைங்கதான் சாப்டுச்சி. இத்தினி நாளா பூனைக்குச் சோறு போட்டுகினு இருந்தது நான்தான்."

மமதா பேனாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியைச் சில்வெஸ்டர் பக்கம் திருப்பி, "நீவு ஹேளி. நீங்க சொல்லுங்க," என்றார்.

சில்வெஸ்டர் பிரிஜெட்டைத் திரும்பிப் பார்த்தார். அவள் வாயை இறுக மூடிக்கொண்டு, அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.